சந்தைக்கு வாராத காசுகள்

ஜொகூர் நாட்டில், கோத்தா திங்கியைத் தாண்டித் தெற்கே கடலை நோக்கிச் செல்லும் ஆற்றின் கரையில் ஜொகூர் லாமா என்றோர் ஊர் உளது. பழைய ஜொகூர் என்பதே அப்பெயரின் பொருள். இன்று அது அமைதியானதொரு சிற்றூர். பதினாறாம் நூற்றாண்டிலோ அரசிருக்கை. 1511-இல் மலாக்கா போர்த்துக்கீசியர் கைப்பட்ட பின், ஊரிழந்த சுல்தான் மஹ்மூதின் மைந்தர் அலாவுத்தீன் ரியாயத் ஷா இவ்வாற்றங்கரையில் தம் அரசை நாட்டினார். 1587-இல் போர்த்துக்கீசியர் கப்பலேறி வந்து ஜொகூர் லாமாவைத் தீக்கிரையாக்கினர். மாளிகை போயிற்று, கோட்டையில் மண்மேடு எஞ்சிற்று. சேற்றிலும் மணலிலும் அழியாது கிடந்தவை சிறு பொற்காசுகள்.

அக்காசுகளை ஆராய்ந்து எழுதியவருள் ஒருவர் கலாசாலைப் பேராசிரியர் அல்லர். நம் தோட்ட மக்கள் நன்கறிந்த இனத்தைச் சேர்ந்தவர். ஜெரால்ட் கார்டினர் என்னும் அவ்வெள்ளையர் இலங்கையில் தேயிலைத் தோட்டத்திலும், பின் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்திலும் துரையாயிருந்து, பிறகு ஜொகூரில் சர்க்கார் உத்தியோகத்தில் அமர்ந்தவர். ஜொகூர் ஆற்றில் கிடைத்த பொற்காசுகளைப் பற்றி 1933-இல் ராயல் ஆசியக் கழகத்து மலாயாக் கிளையின் சஞ்சிகையில் குறிப்பெழுதினார். பிற்காலத்தில் இங்கிலாந்து திரும்பி, மந்திரம் மாயம் என்று ஒரு புது மதத்தையே பரப்பினார். அவ்வழியில் அவரைப் பின்பற்ற வேண்டுவதில்லை. ஆயினும், ஆற்றுச் சேற்றில் கிடைத்ததைக் கழுவிப் பார்த்து, எழுத்தைக் கூட்டிப் படித்து, கண்டதைக் கண்டபடி எழுதிவைத்த அந்த ஒரு வேலைக்காக அவருக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

காசுகள் எத்தகையவை? பெரியதற்கு மாஸ் என்றும், அதில் காற்பங்குள்ள சிறியதற்குக் கூப்பாங் என்றும் பெயர். கூப்பாங் ஒரு கிராம் எடைக்கும் குறைந்தது. விரல்நுனியில் ஒட்டிக்கொண்டால் தெரியாமற் போம். ஒரு பக்கம் சுல்தானின் பெயர். மறுபக்கம் அரபு எழுத்தில் விசுவாசிகளின் தலைவர் என்று பொருள்படும் பட்டம். வடிவமே வியப்புக்குரியது. வட்டமாகவுமுண்டு, எட்டு மூலையாகவுமுண்டு. ஏன் எட்டு மூலை? எம் ஊகம் இது: உருக்கிய பொன்னைத் துளியாக்கித் தட்டினால் வட்டம் வரும், தகடாக அடித்து உளியால் நறுக்கினால் நேர்கோடுதான் வரும். நறுக்கிய சதுரத்தின் நான்கு மூலைகளையும் எடைக்குத் தக்கபடி கிள்ளிவிட்டால் எட்டு மூலையாகும். கிள்ளிய துணுக்குகள் மீண்டும் மூசைக்குப் போகும். தட்டானுக்கு இதில் சேதாரமில்லை.

இக்காசை அடித்த முறை உலகெங்கும் பழைய காலத்தில் ஏறத்தாழ ஒன்றே. கீழச்சு ஒரு கட்டையில் பதிக்கப்பட்டிருக்கும். நிறுத்த பொற்றுண்டை அதன்மேல் வைத்து, மேலச்சைக் கையாற் பிடித்துச் சம்மட்டியால் ஓர் அடி. அவ்வளவே. ஆனால் அந்த ஓர் அடிக்கு முன் அச்சு வெட்டுபவன் எழுத்தனைத்தையும் இடவலம் மாற்றிக் கண்ணாடியிற் கண்டாற்போல் வெட்டவேண்டும். அடி சற்றே சாய்ந்தால் பெயரிற் பாதி காசுக்கு வெளியே போய்விடும். அச்சு தேயும், பிளக்கும். புதிதாக வெட்டுகையில் ஓரெழுத்து விலகும், ஒரு புள்ளி கூடும். ஆகவே கையால் அடித்த காசில் ஒன்றைப் போல் மற்றொன்று இராது.

ஈயத்துக்கும் வெள்ளீயத்துக்கும் வேறு முறை. அவை எளிதில் உருகுமாதலால் வார்த்தார்கள். கிளந்தான், திரங்கானு நாடுகளில் பிடிஸ் எனப்பட்ட சிறு காசுகளை வார்த்த அச்சில் நடுவே ஓடும் வாய்க்காலினின்று இருபுறமும் கிளைகள் பிரியும். ஒவ்வொரு கிளைநுனியிலும் ஒரு காசுக்குழி. உருக்கிய ஈயத்தை மேலிருந்து ஊற்றி ஆறியபின் திறந்தால், காசு காய்த்த மரமொன்று கையில் வரும். காயைப் பறிப்பது போலக் காசுகளை ஒடித்தெடுத்து, எஞ்சிய தண்டை மீண்டும் உருக்கினர். ஒடிக்காத மரங்கள் சில இன்றும் காட்சிச்சாலைகளில் உள. பணம் மரத்தில் காய்க்குமா என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் தாய்மார் அங்கே போய்ப் பார்க்கலாம்.

வார்ப்பு முறை நம் நாட்டுக்கும் பழையதே. வட இந்தியாவில் ரோத்தக்கு நகரையடுத்த மேட்டில் சுட்ட களிமண் காசச்சுகள் குவியலாகக் கிடைத்தன. அவற்றைக் கண்டு ஆராய்ந்தவர் பீர்பால் சாஹ்னி. அவருடைய துறை நாணய நூலன்று; கல்லாய்ச் சமைந்த பழஞ்செடிகளை ஆராயும் துறை. இலையின் நரம்பைப் பார்த்துப் பழகிய கண், அச்சின் வாய்க்காலையும் பார்த்தது. பண்டைய இந்தியாவில் காசு வார்த்த முறை பற்றிய அவர் நூல் 1945-இல் வெளிவந்தது. தமிழ்நாட்டில் காசுச் சாலைக்கு அக்கசாலை என்பது பழம்பெயர். கொற்கையில் அப்பெயரால் ஒரு கோவிலே உளது. காசின் மாற்றும் எடையும் பார்ப்பவனுக்கு வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர் சிலரின் பெயரில் அத்தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருவிதாங்கூரில் சக்கரமும் பணமும் மிகச் சிறியனவாதலால் ஒவ்வொன்றாக எண்ண முடியாமல், நூற்றுக்கணக்கான குழிகள் வெட்டிய பலகையில் கொட்டி, குழி நிறைந்ததும் மிகுதியைத் தள்ளி எண்ணினர். காசு சிறுத்த நாட்டில் பலகை கணக்குப்பிள்ளையாயிற்று.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் உண்டு. கையால் அடித்த காசு சந்தையில்தான் சோதிக்கப்பட்டது. கூப்பாங்கை வாங்குகிற மிளகு வியாபாரி அதை நிறுத்தான், உரைத்தான், பல்லாலும் கடித்துப் பார்த்தான். சுல்தானின் பெயர் இருக்கிறதென்று மட்டும் பார்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டவன் எவனும் இலன். சீன வியாபாரிகள் ஸ்பானிய டாலரிலும் மெக்சிகோ டாலரிலும் தம் முத்திரையைக் குத்தி, நான் பார்த்துவிட்டேன் என்று சான்று பொறித்தனர். அரசன் காசை அடித்தான். செல்லுமா செல்லாதா என்று தீர்ப்புச் சொன்னவன் வாங்குபவன். நம் மொழியில் நாணயம் என்ற சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிப்பது இதனாலேயே போலும்.

பொறி வந்தது, இவ்வழக்கம் மாறிற்று. பொறியால் அடித்தால் ஆயிரமும் ஒன்றுபோல் வரும். ஒன்று தவறினால் ஆயிரமும் தவறும். ஆகவே காசை வெளியிடுமுன் மூடிய அறையில் ஒன்றிரண்டு அடித்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. அதுவே மாதிரிக் காசு. வேறு உலோகம், வேறு எடை, வேறு முகம் என்று பலவாறு முயன்று, அதிகாரிகள் முன் வைத்து, அவர்கள் ஒப்பினால் காசாகும். ஒப்பாவிடில் பேழைக்குள் போம். சந்தைக்கு வாராத இக்காசுகள் மிகச் சிலவே ஆதலால் இன்று செல்வர்கள் போட்டியிட்டு வாங்குகின்றனர். விலையைவிட அவற்றிலுள்ள கதைகளே நமக்கு வேண்டுவன.

இங்கிலாந்தில் பொறியைப் புகுத்தியவர் கதை சோகமானது. எலோய் மெஸ்ட்ரெல் என்ற பிரெஞ்சுக்காரர் 1561 முதல் இலண்டன் கோபுரச் சாலையில் திருகுப் பொறியால் அழகிய காசுகளை அடித்தார். சம்மட்டித் தொழிலாளர் அவரைப் பகைத்தனர். பகைக்காமல் என் செய்வர்? பொறி அவர்கள் சோற்றில் கை வைத்தது. பத்தாண்டு கழித்து அவர் விலக்கப்பட்டார். 1578-இல் கள்ளக்காசுக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார். அடுத்து, மன்னனைக் கொன்று குடியரசு நாட்டிய காலத்தில், பியேர் புளோந்தோ என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர் காசின் விளிம்பிலும் எழுத்துப் பொறிக்கும் வித்தையோடு வந்தார். கோபுரத் தொழிலாளர் தம் சார்பில் டேவிட் ராமேஜ் என்பவரை நிறுத்தினர். 1651-இல் இருவரும் மாதிரிக் காசு அடித்துக் காட்டினர். விளிம்பெழுத்து வெறும் அலங்காரமன்று. வெள்ளிக்காசின் ஓரத்தைச் சுரண்டித் திருடும் கூட்டத்துக்கு அது வேலி. சுரண்டினால் எழுத்து சிதையும், திருட்டு வெளிப்படும்.

எல்லா மாதிரிக் காசினும் எம் உள்ளத்தைத் தொட்டது 1663-இல் அடிக்கப்பட்டதொன்று. தாமஸ் சைமன் இங்கிலாந்தின் தலைசிறந்த அச்சுவெட்டி. குடியரசுக்கு ஊழியம் செய்தவர். மீண்டும் மன்னராட்சி வந்ததும், அண்டுவெர்ப்பு நகரத்து ரோட்டியர் சகோதரர் கைக்கு வேலை போயிற்று. சைமன் மனு எழுதித் தர்பாரில் நிற்கவில்லை. ஒரு கிரவுன் காசு வெட்டினார். அதன் விளிம்பைச் சுற்றி, மயிரிழை போன்ற இரு வரிகளில், இதனை அயலார் காசோடு ஒப்பிட்டுப் பார்க்கவும், இது சிறந்ததாயின் தம் குறையைத் தீர்க்கவும் மன்னரை வேண்டி மனுவைப் பொறித்தார். உலகில் கூலிக்காரனின் விண்ணப்பம் காசின் ஓரத்திலேயே எழுதப்பட்டது இதுபோல் வேறுண்டா என்பது எமக்குத் தெரியாது. மன்னர் வேலையைத் திருப்பித் தரவில்லை. 1665-இல் சைமன் இறந்தார். அக்காசு இன்றும் ஆங்கிலக் காசுகளுள் முதன்மையாகப் போற்றப்படுகிறது.

இனி நம் பக்கம் வருவோம். நீராவியால் காசடித்த முன்னோடி பர்மிங்காம் நகரத்து மாத்யூ போல்டன். நீராவிப் பொறி ஜேம்ஸ் வாட்டினுடையது. அவருக்குக் கிடைத்த முதற் பெருங் காசு வேலை இங்கிலாந்து அரசினதன்று. 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சுமத்திராவின் பென்கூலனுக்காகச் செப்புக் காசு கேட்டது. அதாவது ஜொகூருக்கு எதிர்க்கரைத் தீவில் மிளகு வாங்கும் சில்லறைக்காக. பின்னர் 1788-இல் சோஹோ என்னுமிடத்தில் நீராவிச் சாலையை அமைத்தார். சென்னை இராஜதானியின் வடசர்க்கார் மாவட்டங்களுக்காக 1794-இல் ரூபாய்க்கு 48 வீதம் செல்லும் செப்புக்காசு அங்கிருந்து வந்தது. வளையமொன்றினுள் வைத்து அடித்ததால் ஒவ்வொன்றும் முழு வட்டம். செம்பில் மட்டுமன்றி, வெண்கல நிறமேற்றியும் பொன்முலாம் பூசியும் சில மாதிரிகளைப் போல்டன் அடித்து அதிகாரிகளுக்கும் நண்பர்களுக்கும் வழங்கினார். சென்னைக்கான 10 காசும் 20 காசும் அவ்வாறே கடல் கடந்தன. 1809 ஜனவரியில் அட்மிரல் கார்டினர் என்னும் கப்பல் இங்கிலாந்தின் கரையருகே குட்வின் மணற்றிட்டில் உடைந்து, 1808 என்ற ஆண்டு பொறித்த செப்புக்காசுகள் டன் கணக்கில் கடலில் ஆழ்ந்தன. 1980-களில் முக்குளிப்போர் அவற்றை மேலே கொணர்ந்தனர். சென்னைச் சந்தையைக் காணாத அக்காசுகள் இன்று உலகெங்கும் விற்கின்றன. காசு என்ற நம் சொல்லே ஆங்கிலேயர் வாயில் கேஷ் ஆயிற்று என்பதையும் ஈண்டு நினைவுகூர்க.

சென்னைச் சாலையிலும் சோதனை நிகழ்ந்தது. 1807-ஐ ஒட்டிக் கம்பெனி வெள்ளியில் அரை வராகனும் கால் வராகனும் வெளியிட்டது. ஒரு முகத்தில் கோபுரமும் விண்மீன்களும். மறுமுகத்தில் திருமால் உருவம். எழுத்தோ நான்கு மொழி: ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு. அரைப் பூவராகன் என்பது தமிழெழுத்தில் இருக்கும். பல காசுகளை உற்று நோக்கினால் கோபுரத்தின் அடியில் ஸ்பானிய மன்னனின் மூக்கோ, எழுத்தோ மங்கலாகத் தெரியும். மலாய்க் கடலில் வழங்கிய அதே ஸ்பானிய டாலரை எடுத்து அதன் மேலேயே அடித்துவிட்டனர். அந்நியக் கம்பெனிதான், கொள்ளைக்கென வந்ததுதான். ஆயினும் தமிழன் படித்து நம்பினாலன்றித் தன் காசு செல்லாது என்பதை 1807-இல் அது உணர்ந்திருந்தது. 1818-இல் சென்னையில் ரூபாய் வந்து வராகனை ஒழித்தது. 1869-இல் சென்னைச் சாலையே மூடப்பட்டது. தங்கசாலைத் தெரு என்ற பெயர் மட்டும் நின்றது.

மலாய் நாட்டிலும் பொறிக்காசு பரவிற்று. சிங்கப்பூர் வெள்ளை வியாபாரிகள், அரசின் அனுமதி எதுவுமின்றி, பர்மிங்காமில் செப்புக்காசு அடிப்பித்து இறக்கினர். ஒருபுறம் சேவல், தானா மலாயு என்ற எழுத்து. மறுபுறம் ஒரு கெப்பிங் என்றும் ஹிஜ்ரி 1247 என்றும் இருக்கும். அஃதாவது 1831. மக்கள் கோழிக்காசு என்றனர். எவன் அடித்தான் என்று எவரும் கேட்கவில்லை. சில்லறைப் பஞ்சம் அத்தகையது. டச்சுக் கம்பெனியின் டுயிட் என்னும் செப்புக்காசும் உடன் ஓடிற்று. அதன் பெயர் மலாய் மொழியில் பணத்துக்கே பெயராயிற்று. தமிழில் துட்டு ஆயிற்று.

இனி வெள்ளியின் கதை. மலாயாத் தமிழர் டாலரை வெள்ளி என்றழைத்தது உவமையன்று. அது வெள்ளியாகவே இருந்தது. டாலரின் எடை 416 கிரெயின், பத்தில் ஒன்பது பங்கு சுத்த வெள்ளி. இந்திய ரூபாயிலுள்ள சுத்த வெள்ளி 165 கிரெயின். ஆகவே இரண்டும் வெள்ளியாகவே மதிக்கப்பட்ட காலத்தில் ஒரு டாலர் ஏறத்தாழ இரண்டேகால் ரூபாய். 1893-இல் இந்திய சர்க்கார் தன் சாலைகளைப் பொதுமக்கள் வெள்ளிக்கு மூடிற்று. 1899-இல் ரூபாயை 1 ஷில்லிங் 4 பென்னி என்று பொன்னோடு கட்டிற்று. டாலரோ வெறும் வெள்ளியாகவே நின்று, வெள்ளி விழ விழத் தானும் விழுந்தது. 1902 இறுதியில் அதன் மதிப்பு ஏறக்குறைய 1 ஷில்லிங் 7 பென்னி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு ரூபாய் மூன்றணா! தோட்டத்தில் கூலி ஒரு காசும் குறையவில்லை. கங்காணி கையாலோ துரை கையாலோ அதே வெள்ளிதான் கிடைத்தது. ஆனால் தஞ்சைக்கும் சேலத்துக்கும் அனுப்பிய பணம் வழியிலேயே பாதியாயிற்று. நாடு திரும்பிய தொழிலாளி தன்னை எவரோ ஏமாற்றினர் என்று செட்டியைத் திட்டியிருப்பான், தபால்காரனைத் திட்டியிருப்பான். அவன் திட்ட வேண்டிய இடம் அவனுக்கு எட்டாத இடம்.

இதனைச் சீர்செய்யச் சர் டேவிட் பார்பர் தலைமையில் ஒரு குழு இலண்டனில் கூடிற்று. அதன் யோசனைப்படி 1903-இல் பம்பாய்ச் சாலையில் நீரிணைக் குடியேற்ற டாலர் அடிக்கப்பட்டது. பழைய பிரிட்டிஷ் டாலர்களை மூட்டை மூட்டையாகப் பம்பாய்க்கு அனுப்பி உருக்கி, அதே எடையில் எட்வர்டு மன்னர் தலையோடு திருப்பிக் கொணர்ந்தனர். 1904-இல் மெக்சிகோ டாலர் செல்லாக் காசாயிற்று. 1906 தொடக்கத்தில் புது டாலருக்கு 2 ஷில்லிங் 4 பென்னி என்று விலை கட்டினர். அதாவது ஒரு ரூபாய் பன்னிரண்டணா. மீண்டும் வெள்ளி ஏறவே, உருக்கினால் இலாபம் என்ற நிலை வந்தது. எனவே 1907-இல் டாலரின் எடையை 416-இலிருந்து 312 கிரெயினாகக் குறைத்தனர். சரியாக முக்காற்பங்கு! பெயர் அதே, கூலிக் கணக்கும் அதே. நேர்மையாகச் சொல்வதாயின், விலை கட்டியதால் தொழிலாளிக்கு நன்மையே விளைந்தது. ஊருக்கனுப்பிய பணம் அதன்பின் வழியில் கரையவில்லை. ஆனால் விழுந்த பத்தாண்டில் இழந்ததை அவனுக்கு எவரும் ஈடுசெய்யவில்லை. எடை குறைத்தபோதும் அவனை எவரும் கேட்கவில்லை. கூப்பாங்கை உரைத்துப் பார்த்த மிளகு வியாபாரிக்கு இருந்த உரிமை, 1907-இல் பால்மரம் வெட்டியவனுக்கு இல்லை. சோதனை, சந்தையை விட்டு மூடிய அறைக்குப் போய்விட்டது.

அந்த டாலரின் பின்புறத்தைப் பார்த்தவர் அறிவர்: நடுவே சீன எழுத்திலும் ஜாவி எழுத்திலும் ஒரு வெள்ளி என்றிருக்கும், சுற்றிலும் ஆங்கிலம். தமிழ் இல்லை. நூறாண்டுக்கு முன் அரை வராகனில் இடம்பெற்ற எழுத்து, தமிழன் உழைத்த நாட்டின் காசில் இடம்பெறவில்லை. தமிழன் உழைப்பை வாங்கியவனுக்குத் தமிழனின் நம்பிக்கை தேவைப்படவில்லை போலும்.

ஜொகூர் தனக்கெனக் காசு அடிக்கும் வழக்கம் எந்நாளோ நின்றுவிட, அங்கும் இந்த நீரிணை டாலரே செலாவணியாயிற்று. 1938-இல் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி மலாயா முழுமைக்கும் ஒரே நாணய ஆணையம் அமைந்தது. 1939 முதல் அதன் பெயரில் காசுகள் வந்தன. அவற்றுள் ஒரு காசு சதுரமானது. மூலைகளை மழுக்கிய அச்சதுரம் 1916-இல் அரைக் காசில் தோன்றி, 1919-இல் ஒரு காசுக்கு வந்தது. 1962-இல் மீண்டும் வட்டமாயிற்று. ஆற்றங்கரையில் மூலை கிள்ளிய பொன்னுக்கும் இச்செம்புக்கும் உறவு ஏதுமில்லை. பொறி எந்த வடிவையும் ஒரே வேகத்தில் வெட்டும். ஆயினும் கையிலெடுத்தால் விரல் உடனே அடையாளம் கண்டுகொள்ளும் காசு அது.

நம் தோட்ட வீடுகளிலும் பட்டணத்து வீடுகளிலும் பாட்டியின் தகரப் பெட்டியில் வெற்றிலைக் காம்போடு காம்பாக அச்சதுரக் காசு இன்னும் சில கிடக்கும். அருகே எட்வர்டு தலை வெள்ளி ஒன்றும் இருக்கக்கூடும். இருப்பின் அதை நிறுத்துப் பாருங்கள். 27 கிராமுக்குச் சற்றுக் குறைந்திருந்தால் 1903-இன் எடை, 20 கிராம் அளவாயின் குறைக்கப்பட்டபின் வந்தது. புளி போட்டு மட்டும் தேய்க்க வேண்டா; தேய்த்தால் எழுத்தும் போம், சான்றும் போம்.